மூடாத வளையம்

ஆபரேஷனுக்காக மழித்த பக்கத்தில் பூ நிற்கவில்லை. சந்திரம்மா மகளின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கனகாம்பரச் சரத்தைச் சுற்றினாள். ஊசி குத்த அங்கே முடியில்லை. சரம் வழுக்கித் தேன்மொழியின் காதில் விழுந்தது.

“மலைக்குக் குடுத்த முடின்னு நெனச்சிக்கோக்கா,” என்றாள் பக்கத்து வீட்டுச் செங்கம்மா. “பெருமாளு பாத்துப்பாரு.”

“பாத்தாரே,” என்றாள் சந்திரம்மா.

ஹரிபாபு தூணை ஒட்டி நின்றிருந்தான். தாலி கட்டியவன் அழவில்லை என்பதை எல்லோரும் கவனித்திருந்தார்கள். சித்தூரில் அவர்கள் இருந்தது வாடகை வீடு. சவத்தை வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத அவனுக்கு வேறு வீடும் கிடையாது. அதனால் ஆம்புலன்ஸ் நாராயணவனத்துப் பக்கம், அவள் பிறந்த வீட்டு வாசலுக்கே வந்திருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது மனைவியை அல்ல. சரத்தின் மறுமுனையைப் பிடித்திருந்த அவள் தங்கை நளினியை. நளினி கண்களை இறுக மூடி, வலது நெற்றிப்பொட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தேன்மொழியும் அப்படித்தான் அழுத்துவாள். அதே பக்கம், அதே கட்டைவிரல்.

நேற்று திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு கை விரல்களையும் கோத்து ஒரு வளையம் காட்டினார். மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் இப்படிக் கூடுகின்றன. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் ஊட்டும். பிறகு ஒரு விரலை மடக்கினார். உங்கள் மனைவிக்கு இந்தக் குழாய் பிறவியிலேயே நூல் மாதிரி. எத்தனையோ பேருக்கு இப்படி இருக்கும், தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். இவருக்கு இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒரே குழாய் சுமந்தது. சேருமிடத்தில் சுவர் பலூன் போல ஊதி வெடித்துவிட்டது.

“செல்லெலு உந்தா?” என்று கேட்டார். தங்கை இருக்கிறாள் என்றான். அவளுக்குத் தலைவலி உண்டா என்றார். அவனுக்குத் தெரியவில்லை. இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், ஸ்கேன் எடுங்கள், வெடிக்குமுன் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம் என்றார்.

இப்போது தெரிந்துவிட்டது.

சாமியானாவின் கீழே மாமனார் அப்பாவு தன் பங்காளி ரங்கையாவோடு உட்கார்ந்திருந்தார். ஹரிபாபு அவர் காலடியில் குந்தினான்.

“மாமா, நாளைக்கு நளினிய எங்கூட அனுப்புங்க. திருப்பதிக்கு.”

பறை ஓய்ந்திருந்த நேரம். சுற்றியிருந்த பேச்சுகள் நின்றன.

“பொணத்த எடுக்கறதுக்குள்ளியே சின்னவளக் கேக்கறியா மாப்ள?” என்றார் ரங்கையா. “படிச்சவன் அவசரம் வேற மாதிரிதான் கீது.”

அக்காள் போனால் தங்கையைக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். காரியம் முடிந்தபின் பெரியவர்கள் மெதுவாக எடுக்கிற பேச்சு அது. தன் சொல் எங்கே போய் விழுந்தது என்பது ஹரிபாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அதுக்கில்ல. ஸ்கேன் எடுக்கணும். தேனுக்கு இருந்தது இவளுக்கும் இருக்கலாம். தல வலிக்குது இவளுக்கு.”

“துன்னாம கொள்ளாம அழுதுகினு கீறா. வலிக்காம இன்னா செய்யும்?” என்றார் ரங்கையா.

அப்பாவு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை. “காரியம் முடியட்டும்பா. நாங்களும் அத்தத்தான் நெனச்சிக்கினு கீறோம். ஒறவு வுட்டுப் போவக் கூடாது. ஆனா ஸ்கேனு கீனுன்னு வெளிய சொல்லாத. வயசுப் பொண்ணு.”

கொல்லைக் குழாயில் நளினி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்போலேந்து வலிக்குது?”

“அக்கா இன்னும் வாசல்லதான் படுத்துகினு கீறா, மாமா.”

“நளினி, நா அதுக்குக் கேக்கல.”

“நீ கேட்டது உள்ள வரைக்கும் கேட்டுச்சு. நைனா சரின்னதும் கேட்டுச்சு.” குடம் நிரம்பி வழிந்தது. இதுவரை அவள் அவனை நீ என்று சொன்னதில்லை. “இன்னா மனுசன் நீ?” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாடை கட்டியாயிற்று. கடைசியாகக் கணவன் குங்குமம் வைக்க வேண்டும். ஹரிபாபு தட்டை வாங்கிக் கீழே வைத்தான். தேன்மொழியின் தலையில், மழித்த இடத்தில், உள்ளங்கையை வைத்தான். பூ கசங்கியது. முடி முளைவிட்டிருந்தது, சொரசொரவென்று.

“இவ மேல சத்தியம். நளினிய நா கட்டிக்க மாட்டேன். எப்பவும் மாட்டேன். நா கூட வரவும் வேணாம், நீங்களே கூட்டிக்கினு போங்க. ஒரே ஒரு ஸ்கேன், அத்த. உங்க கால்ல வுழறேன்.”

சந்திரம்மா நிமிர்ந்து பார்த்தாள். “ஒண்ண வாரிக் குடுத்துட்டு நிக்கறேன். இன்னொண்ணயும் நோவுக்காரின்னு ஊரக் கூட்டிச் சொல்றியா? இனிமே எவன் வந்து கேப்பான் அவள?”

“உசுரோட இருந்தா கேப்பான், அத்த.”

ரங்கையா குனிந்து அவன் விரலைப் பிடித்துக் குங்குமத்தில் தோய்த்து, அந்த விரலாலேயே தேன்மொழியின் நெற்றியில் வைத்தார். பெண்கள் ஓலமிட்டார்கள். கொள்ளிச்சட்டியை அவன் கையில் கொடுத்து முன்னால் தள்ளினார்கள்.

தெருமுனையில் தோள் மாற்றிக்கொள்ளப் பாடை நின்றது. பறையும் நின்றது. பின்னால் வாசல் கழுவிவிடும் சத்தம். ஒரு குடம் தண்ணீர். இன்னொரு குடம்.

பிறகு சத்தமில்லை.

ஹரிபாபு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். துடைப்பம் உரசுவதுகூடக் கேட்கவில்லை.

“நட மாப்ள,” என்றார் ரங்கையா. “சட்டி எடுத்தவன் திரும்பிப் பாக்கக் கூடாது.”

திரும்பினான்.

ஈர வாசலில் நளினி உட்கார்ந்திருந்தாள். மடியில் சாய்ந்த குடத்திலிருந்து மிச்சத் தண்ணீர் அவள் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் வலது நெற்றிப்பொட்டில் இருந்தது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

அவன் கையில் சட்டி புகைந்தது. பறை மறுபடி தொடங்கியது.