நான்கு விரல் குறைந்த திரைச்சீலை

1.

அன்று கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். விசிறிக்கு நேர்கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கமலநாதன். பால்கனிக் கதவை ஒட்டித் தரையில், மாட்டியதுபோக மிஞ்சிய திரைச்சீலைக் கொக்கிகளை மைலோ டின்னில் போட்டுக்கொண்டு அவர் மனைவி அமுதவள்ளி. சாப்பாட்டு மேசையில் தாளும் பேனாவுமாக நான், இந்திரா. நாலாவது ஆளின் நாற்காலி காலி. அதில் உட்கார வேண்டியவர் பக்கத்து ஊரான கிள்ளானில் இருந்தார்.

வாசகரே, இது கதையாகப் பிறக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அமுதவள்ளி என்னைக் கூப்பிட்டது ஒரு கடிதம் எழுதத்தான். நாங்கள் இருவரும் ஒரே சிற்றூர்ப் பள்ளியில் படித்தவர்கள். இடம், நாள், விளி, செய்தி, முடிவு என்ற வரிசை தவறக்கூடாது என்று அங்கே பழக்கியிருந்தார்கள். [வரிசை இப்போதே தவறிவிட்டது.]

"வாட்சாப்ல போடு லா," என்றார் கமலநாதன்.

"போட்டா மட்டும்? உங்க தங்கச்சி என் மெசேஜைத் திறக்கறதே இல்ல. கடிதத்தைத் தீபாவளி கார்டுக்குள்ள வச்சா பிரிச்சுத்தானே ஆகணும்."

2.

முதல் தொடக்கம்: காலை வெயில் நீலத் திரைச்சீலையின் வழியே கசிந்து—

(இல்லை. மழை. தீபாவளி நெருங்கினால் இங்கே பிற்பகல்தோறும் மழைதான். வினையே அதனால் வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: கமலநாதனின் தங்கை தாமரை கிள்ளானில் தையல் வேலை செய்பவர். அண்ணன் வீடு மாறியபோது பால்கனிக் கதவுக்கு, தரையைத் தொடும் இரண்டு பருத்தித் திரைச்சீலைகளைத் தைத்துக் கொடுத்தார். கூடவே சொல்லியும் கொடுத்தார்: "பச்சைத் தண்ணிதான் அண்ணி. முறுக்கிப் பிழிஞ்சிராதீங்க. ஈரத்தோடயே கம்பியில மாட்டிருங்க. அது கனத்துலயே சுருக்கம் போயிரும்."

போன தீபாவளிக்கு முன் மழை விடவில்லை. திரைச்சீலைகள் காயாமல் வாடை அடித்தன. அமுதவள்ளி அவற்றை மூட்டை கட்டி, கீழே காசு போட்டு ஓட்டும் டோபி கடைக்குக் கொண்டுபோய், எந்திரத்தில் நல்ல சூட்டில் காயவைத்தாள். திரும்ப மாட்டியபோது தரைக்கு மேலே நான்கு விரல் நின்றன.

"கிள்ளான்ல வெள்ளம் வந்தா சேலையைத் தூக்கிப் பிடிப்பாங்களே, அப்படி இருக்கு," என்றார் கமலநாதன். யாரும் சிரிக்கவில்லை.

தீபாவளியன்று கூடம் நிறைய விருந்தாளிகள். தாமரை பால்கனிப் பக்கம் பார்த்தார்.

"வெட்டிட்டீங்களா அண்ணி?"

அத்தனை பேர் முன்னால் டோபி கடையைச் சொல்ல அமுதவள்ளிக்கு நாக்கு எழவில்லை. "ஆமா, கொஞ்சம் நீளமாப் போச்சு."

தாமரை தேநீரைக் குடிக்காமல் எழுந்துபோனார். பொங்கலுக்கு வரவில்லை. அண்ணன் கூப்பிட்டும் வரவில்லை. இந்தத் தீபாவளிக்கும் வராவிட்டால் வராததே பழக்கமாகிவிடும் என்பதுதான் அமுதவள்ளியின் பயம்.

3.

"டோபியை எழுதாத. தானா சுருங்கிருச்சுன்னு எழுது," என்றாள் அமுதவள்ளி.

எழுதினேன்: பருத்தித் துணி நாளாக ஆக இயல்பாகவே—

(இந்த வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். ஏன் முடியவில்லை என்று கீழே தெரியும்.)

இந்த ஆண்டு தாமரை சொன்னபடி அமுதவள்ளி செய்திருந்தாள். கொக்கிகளைக் கழற்றி, தூசு தட்டி, வாளியில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் கம்பியில் மாட்டியிருந்தாள். நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மேல எல்லாம் காஞ்சிருச்சு. இந்த மடிப்பு மட்டும் ஏன் சொதசொதன்னு இருக்கு?"

விரலால் அழுத்தினாள். தடிமனாக இருந்தது. பிளேடால் இரண்டு தையலைப் பிரித்தாள். உள்ளே ஒரு மடிப்பு, அதற்குள் இன்னொன்று. வெயிலே படாத கருநீலத் துணி, கையகலத்துக்கு மேல் இறங்கி வந்தது.

கமலநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார். "சுருங்கும்னு தெரிஞ்சுதான் துணியை உள்ள விட்டு வச்சிருக்கா."

4.

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கோபித்துக்கொண்டுபோன தையற்காரி என்று தாமரையை எழுதியிருந்தேன். ஆனால் சுருங்கும் என்று முன்பே துணி விட்டவருக்கு, அது வெட்டியதா சுருங்கியதா என்று தெரிந்திருக்காதா?

என் சந்தேகத்தை அமுதவள்ளி வாய்விட்டே சொன்னாள். "அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் நெசத்தைச் சொல்றேனான்னுதான் பார்த்திருக்கா."

"சொல்லியிருந்தா அங்கனயே உட்கார்ந்து பிரிச்சு இறக்கியிருப்பா. முறுக்கைக் கடிச்சுக்கிட்டே," என்றார் கமலநாதன்.

அமுதவள்ளி ஈரத்துணியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இந்திரா, எல்லாத்தையும் எழுது. டோபி, சூடு, நான் சொன்ன பொய்யி."

"கடிதம் தாங்காதுடி."

"அப்ப கதையா எழுது. நீதான் எழுதுவியே."

5.

முடிவு அ: தீபாவளிக் காலையில் கதவு தட்டப்படுகிறது. திறந்தால்—

முடிவு ஆ: கார்டு பிரிக்கப்படாமல் கிள்ளானில் ஒரு—

("அதை அடி," என்றாள் அமுதவள்ளி. அடித்துவிட்டேன். ஆனாலும் தெரிகிறது.)

இதற்குள் ஒரு திரைச்சீலையின் அடியை அவளே இறக்கித் தைத்துவிட்டாள். தரையைத் தொடுகிறது. வெளுத்த நீலமும் கருநீலமும் சந்திக்கும் இடத்தில் தையல் ஏறி இறங்குகிறது.

"கோணல்," என்றார் கமலநாதன். "அவ பார்த்தா திட்டுவா."

"வந்து திட்டட்டும்."

இன்னொன்றைப் பிரித்துக் குண்டூசி குத்தி அப்படியே விட்டுவிட்டாள்.

தாமரை, இவ்வளவு நேரம் வாசகரே என்று அழைத்தது உங்களைத்தான். உங்களுக்கே உங்களை அறிமுகம் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் இரண்டையும் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். முழுதாக எழுத எனக்கு உரிமை இல்லை.

உறையை ஒட்டிய பிறகு எழுத முடியாது. ஆகவே முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்: பிரித்த நூலை அமுதவள்ளி கார்டுக்குள் வைக்கிறாள். உறையை அவளே ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்துகிறாள். மழைக்கு முன் அஞ்சல் பெட்டியில் போட்டுவிட, கமலநாதன் குடையோடு வாசலில் நிற்கிறார். தாளைக் கேட்டு அமுதவள்ளி கை நீட்டிவிட்டாள். மடித்துக் கொடுக்—