சங்கிலியின் மறுமுனை

இந்தக் காலத்தில் செத்தவனை நிம்மதியாகப் புதைக்கக்கூட விடமாட்டேன் என்கிறார்கள். பேசித் தீர்க்கிறார்கள். ஜோத்தம் தம்பியின் குழிக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். எலைஹுவின் பெட்டி பாதி மறைந்துவிட்டது. பாதிரியார் நிறுத்தவில்லை.

"வைத்தியர், வக்கீல், நிலம் அளக்கறவர், நம்ம கென்டக்கியிலேர்ந்து காங்கிரஸ் சபைக்குப் போனவர்..."

"ஒண்ணு உருப்படியாத் தெரிஞ்சா நாலு எதுக்கு?" என்றான் பின்னால் நின்ற ஒரு கிழவன்.

"மெதுவாய்யா. தேர்தலன்னிக்கு அதைச் சொன்னதே இந்த அண்ணன்காரன்தான்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

ஜோத்தம் தொப்பியைக் கழற்றாமல் மண்ணைத் தள்ளினான்.

எலைஹு அளந்த எல்லைக் கோட்டில் ஜோத்தமின் ஊற்று பக்கத்து நிலத்துக்காரன் புரூவிட்டுக்குப் போய்விட்டது. வாக்குக்காகத் தம்பி கோட்டை வளைத்துவிட்டான் என்று ஜோத்தம் முடிவுகட்டினான். நீதிமன்ற வாசலில் ஊரே கேட்க வாய்விட்டுச் சொல்லித்தான் வாக்குப் போடவேண்டும். தேர்தலில் நின்ற தம்பியை விட்டு எதிராளியின் பெயரைச் சொன்னான், அதுவும் இரண்டு தடவை. தனக்கு வாக்குப் போட்டவர்களுக்கு மட்டும்தான் வேட்பாளர் நன்றி சொல்வது வழக்கம். எலைஹு எழுந்து தொப்பியைக் கழற்றினான். "வந்ததுக்கு நன்றிண்ணே" என்றான். கூட்டம் சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று ஜோத்தம் திரும்பிப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு ஜோத்தம் தம்பி மனைவி கெசியாவிடம் வந்தான்.

"அவன் அளக்கற சங்கிலி எங்க?"

"இன்னிக்கேவா அண்ணே?"

"இன்னிக்குத்தான்."

"ரெண்டு ஆள் வேணுமே. உங்ககூட யாரு வருவா?"

அவளே கறுப்புப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தாள்.

எல்லைக் கல்லிலிருந்து பன்னிரண்டு சங்கிலி நீளம். முட்செடியில் அவள் கை கிழிந்தது, நிற்கவில்லை. பன்னிரண்டாவதின் முனை, எலைஹு ஓக் மரத்தில் வெட்டிவைத்திருந்த அடையாளத்தில் போய் முட்டியது. மரத்துக்கு அந்தப் பக்கம், புரூவிட்டின் நிலத்தில், ஊற்று ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு நாள் இப்படித்தான் அளந்தார். ஒரு தடவையாவது உங்க பக்கம் விழாதான்னு," என்றாள் கெசியா.

ஜோத்தம் அந்த வெட்டை விரலால் தடவினான். பிறகு சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டான்.

"தேஞ்ச சங்கிலி. இதை வெச்சு என்னத்த அளக்கறது?" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறி நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. குழியருகே கழற்றாத தொப்பி இப்போது அவன் கையிலேயே இருந்தது.