வரிமீன் நியாயம்

மாடிப்படியின் வளைவில் அக்காவைத் திருப்ப முடியவில்லை.

உயிரோடு இருந்த காலத்தில் ஊரே சேர்ந்து திருப்ப முயன்று தோற்ற பெண்மணி. செத்த பிறகு நான்கு பேர் சேர்ந்தால் மட்டும் திரும்பிவிடுவாளா? தலைமாட்டைப் பிடித்திருந்த தம்பிக்கு இந்த நினைப்பு வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. போர்வையின் முனை விரல்களிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. கீழ்ப்படியில் கால்மாட்டைத் தாங்கி நின்ற, மைக்செட் என்று பெயர் விழுந்துவிட்ட மனிதர், தன் பெரிய குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, "தம்பி, தலைப் பக்கம் கொஞ்சம் தூக்கு. சுவத்துல இடிக்குது பாரு" என்றார்.

தூக்கினார். அக்கா திரும்பினாள்.

தம்பி என்பது அவருடைய பெயர் அன்று, ஏறக்குறையப் பதவி. தலை முழுக்க நரைத்து, முட்டி இரண்டும் தேய்ந்த பிறகும் ஏரிக்கரையில் அனைவருக்கும் அவர் தம்பிதான். அக்கா மேடையில் பேசுவாள். தம்பி படகுத்துறையில் வலையின் கண்ணை அளப்பார். அளப்பதற்குக் கையடக்கமான ஒரு மரக்கட்டை. கட்டை வலைக்கண்ணில் தாராளமாக நுழைந்தால் அந்த வலை ஏரிக்குப் போகலாம். நுழையாவிட்டால் அது வலைக்காரர் சங்கத்தின் அறையில் பூட்டப்படும். சிறிய மீன் தப்ப வேண்டும், பெரிய மீன் மட்டுமே அகப்பட வேண்டும்: அது அக்கா இயற்றிய சட்டம். இன்றும் பழக்க தோஷத்தில் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். படியில் குனியும்போதெல்லாம் அது நெஞ்சில் குத்தியது.

கூடத்தில் அக்காவைக் கிடத்தினார்கள். வாசலிலும் தெருவிலும் வலைக்காரர்கள் நின்றிருந்தார்கள். அழுகை பெரிதாக இல்லை. நீண்ட நோய் எல்லோருடைய கண்ணீரையும் தவணை தவணையாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டுவிட்டது.

மைக்செட் தம்பியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அக்காவின் முதல் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொண்டுவந்தவர். கூட்டம் முடிந்தது, ஒலிபெருக்கி திரும்பிப் போனது, அவர் மட்டும் போகவில்லை. இப்போது சங்கத்தின் செயலாளர்.

"குழிக்கரையில ஒரு உறுதிமொழி எடுக்கறோம். அக்கா போட்ட சட்டத்த எந்தக் காலத்துலயும் எவனும் மாத்தக் கூடாது. நீ கட்டையக் கையில தூக்கிப் பிடிச்சு முன்ன சொல்லு, நாங்க பின்ன சொல்றோம்."

"எனக்குப் பேச வராதுய்யா."

"அதான் உன்னச் சொல்லச் சொல்றேன். என் பேச்சக் கேட்டுக் கேட்டு இவனுங்களுக்குக் காது காய்ச்சுப் போச்சு. நீ வாயத் தெறந்தா அதிசயமா நின்னு கேப்பானுங்க."

தம்பி அடுப்பைப் பார்த்தார். அடுப்பின்மேல் ஒரு சிறிய பாத்திரம் கழுவப்படாமல் இருந்தது. அதன் அடியில் ஆறிப்போன நீர். நீரில் இரண்டு மூன்று செதில்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு மைக்செட் வாசலுக்குப் போனார்.

யோசிக்க இருந்தது. ஒரு காலத்தில் அந்த ஏரி ஒரே ஒரு குத்தகைக்காரனுக்குச் சொந்தமாக இருந்தது. வலை வீசியவனுக்குக் கூலி. வலையில் விழுந்ததெல்லாம் அவனுக்கு. அந்த நாளில் எழுந்து நின்றவள் அக்கா. "பெரியது சிறியதைத் தின்னும், அதுவே உலக நியதி என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்னது யார்? தின்று கொழுத்த பெரியது சொன்னது. தின்னப்பட்ட சிறியதை யாராவது கேட்டீர்களா?" என்று அவள் கேட்டபோது கரையில் நின்ற கூட்டம் அலையைப் போல் முன்னால் நகர்ந்தது. குத்தகை ஒழிந்தது. ஏரி வலைக்காரர்களுடையது ஆயிற்று. அந்தப் போரில் அக்கா சொன்ன சொல் ஒவ்வொன்றும் சத்தியம். அதைத் தம்பி இன்றைக்கும் எவரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

அக்கா அதோடு நின்றிருக்கலாம். வென்றவர்களுக்கு நிற்கத் தெரிவதில்லை. மனிதருக்குப் போட்ட சட்டத்தை மீனுக்கும் போட்டாள். அந்த ஏரியின் செல்வம் வரிமீன்; உடம்பில் கறுப்புக் கோடுகளும் முதுகில் முள்விசிறியும் கொண்ட மீன். வளர்ந்த வரிமீன் தன் இனத்துக் குஞ்சையே தின்னும். வலைக்காரர் எல்லோரும் பார்த்ததுதான். வயிற்றைக் கீறினால் உள்ளே அதே கோடு போட்ட குஞ்சுகள் கிடக்கும். "நம் ஏரியில் இந்த நியாயம் செல்லாது. கொலைகாரப் பெரியதைப் பிடியுங்கள். குஞ்சை வாழ விடுங்கள்." கைதட்டல் ஓயவில்லை. தம்பி கட்டையைச் செதுக்கினார்.

முதலில் சட்டம் வென்றது போலத்தான் இருந்தது. வலைகள் நிறைந்தன, அக்காவின் படம் படகுகளில் ஏறியது. பிறகு மீன் சிறுத்தது. சிறுத்த மீனும் ஒரு வருடம் ஏரி கொள்ளாமல் பெருகும். அடுத்த பல வருடங்கள் தேடினாலும் கிடைக்காது. பனியைக் குறை சொன்னார்கள், வெயிலைக் குறை சொன்னார்கள், பக்கத்து ஆலையைக் குறை சொன்னார்கள். அக்காவின் மகள் குட்டி மட்டும் சட்டத்தைக் குறை சொன்னாள். அவள் மீன்களைப் பற்றிப் படித்தவள். வேறு ஊரில், வேறு ஏரிகளில் வேலை பார்த்தவள். சங்கக் கூட்டத்தில் தாயின் மேடையிலேயே ஏறி நின்று சொன்னாள்.

"ஏரியில தீனி அளவாத்தான் இருக்கும்மா. பெரிய மீன் இருந்தா குஞ்சுல பாதியத் தின்னுடும். மிச்சம் வயிறாரத் தின்னு வளரும். நாம பெரிசையெல்லாம் வழிச்சு எடுத்துட்டோம். நல்லா வெயில் அடிக்கிற வருஷம் பொரிக்கிற குஞ்சு அத்தனையும் பொழைச்சுக்குது. தண்ணிப் பூச்சி மொத்தத்தையும் அதுவே தின்னுடுது. அடுத்த வருஷக் குஞ்சு பட்டினியில சாகுது. பொழைச்சதும் வளரல. அதான் ஒரு வருஷம் ரொம்புது, அப்புறம் காலியாக் கெடக்குது."

"பெரிசு சின்னதத் தின்னாத்தான் சின்னது வாழும்னு என் மேடையில வந்து சொல்றியா?" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "குத்தகைக்காரனும் இதையேதான் சொன்னான். எறங்கு."

குட்டி இறங்கினாள். மேடையிலிருந்து மட்டுமன்று, வீட்டிலிருந்தும், பேச்சிலிருந்தும்.

நேற்றுப் பகலில் அக்கா, "டேய், துறைக்குப் போய் ஒரு பொடி மீன் கொண்டு வா. உன் கட்டையில தப்பிச்சுப் போற அளவு" என்றாள். உள்ளங்கை நீளத்தில் ஒன்று கொண்டுவந்தார். அதைச் சுடுநீரில் போட்டு, செவுளை மூடியிருக்கும் எலும்பை எடுத்துக் கழுவித் தரச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அக்காவை ஏன் என்று கேட்பது அந்தக் குடும்பத்தில் இல்லாத பழக்கம்.

சன்னல் வெளிச்சத்தில் அந்த எலும்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். வருடத்துக்கு ஒரு வளையம், மரத்தில் இருப்பதுபோல் அதிலும் விழும் என்று குட்டி ஒரு காலத்தில் இதே அறையில் சொல்லியிருந்தாள். அப்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டிருந்தாள் போலும், ஆனால் கேட்டிருந்தாள்.

"எண்ணிட்டேன். குட்டி இந்த வீட்ட விட்டுப் போறதுக்கு முன்னாடியே பொறந்ததுடா இது. பாரு. இன்னும் கையளவுதான் இருக்கு."

தம்பி குனிந்து எலும்பைப் பார்த்தார்.

"குஞ்சு குஞ்சுன்னு நாம காப்பாத்தினது குஞ்சே இல்ல. கெழடு. தின்ன இல்லாம நின்னு போன கெழடு." மூச்சு வாங்கினாள். "மனுஷனுக்கு நான் சொன்னது சரி. மீனுக்குச் சொன்னது தப்பு. அவனவன் நியாயம் அவனவனுக்கு. நாளைக்கு எல்லாரும் வருவானுங்க இல்ல, நீ சொல்லிடு."

"நானா? நீயே சொல்லேன் அக்கா."

"நான் இருந்தாத்தானே" என்று சிரித்தாள். அந்த இரவு அவளுக்கு விடியவில்லை.

குட்டி வந்து சேர்ந்தபோது பிணம் தெருவில் இறங்கிவிட்டது. பயணப் பையைத் தோளிலிருந்து கழற்றாமல் கூட்டத்தின் கடைசியில் நடந்தாள். சிலர் வழிவிட்டார்கள், சிலர் வழிவிடாதபடி நெருக்கி நடந்தார்கள். தம்பி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுக்குத்தான் கழுத்தில் வலு இருந்தது.

குழிக்கரையில் மைக்செட் கையை உயர்த்தினார். பேச்சு அடங்கியது. "தம்பி சொல்லுவாப்ல. நாம திருப்பிச் சொல்லணும்" என்றார்.

தம்பி பையிலிருந்து கட்டையை எடுத்தார். எத்தனையோ வலைகளில் நுழைந்து நுழைந்து வழுவழுப்பான கட்டை. இதைக் காட்டி எத்தனை பேருடைய வலையைப் பூட்டியிருக்கிறார். அவர்களில் பாதிப் பேர் இதோ எதிரில். உறுதிமொழியைச் சொல்லிவிட்டால் அக்கா என்றும் அக்காவாகவே இருப்பாள். உண்மையைச் சொன்னால், அவளுடைய புகழின்மேல் முதல் பிடி மண்ணைத் தம்பியே போட்டதாகும். சொல்லாவிட்டால் ஏரி அந்தக் கையளவிலேயே நின்றுவிடும்.

"அக்கா நேத்து ஒண்ணு சொல்லுச்சு" என்றார். "பெரிய மீனைக் கொஞ்சம் விட்டு வைக்கணுமாம். சின்னதையும் கொஞ்சம் எடுக்கணுமாம். சட்டம் மீனுக்கு ஒத்து வரலையாம். தப்புன்னு சொல்லுச்சு."

இவ்வளவையும் அவர் குழியைப் பார்த்தே சொன்னார்.

"நோவுல ஒளறியிருக்கும்" என்றது ஒரு குரல்.

"மகளும் மாமனும் கூடிப் பேசிக்கிட்டு வந்திருக்காங்க. செத்தவ வாயில வார்த்தையப் போடுறாங்க."

"அப்ப எங்க வலைய எதுக்குய்யா பூட்டின இத்தன வருஷமா?" என்று ஒருவர் கேட்டார். அது கோபமாகக்கூட இல்லை; அலுத்துப்போன கேள்வி.

எல்லோரும் மைக்செட்டைப் பார்த்தார்கள். அவர் தம்பியின் முகத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "மண்ணப் போடுங்க" என்றார். அந்த ஏரிக்கரையில் அவர் பேசிய பேச்சுகளிலேயே சிறியது அதுதான். உறுதிமொழியை யாரும் எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் குட்டி பக்கத்தில் வந்து நடந்தாள்.

"நெசமாவே அம்மா சொன்னாங்களா மாமா? இல்ல, எனக்காகச் சொன்னீங்களா?"

"எனக்கு அவ்வளவு கற்பனை ஏதும்மா."

சிறிது தூரம் நடந்தார்கள்.

"என்னப் பத்தி ஏதாவது?"

"எலும்பை எண்ணினா. உன் மாதிரியே வெளிச்சத்துல பிடிச்சு."

குட்டி பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "சரியா எண்ணினாங்களா?" என்றாள்.

"எலும்பு சன்னல் மேலதான் இருக்கு. போய் நீயே எண்ணிப் பாரு."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். அவர் துறைக்கு நடந்தார். முட்டி வலித்தது, வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். துறையின் ஓரத்தில், நீருக்குள் பாதி அமிழ்ந்த கம்பிக்கூண்டில், இப்போதெல்லாம் அரிதாகவே அகப்படும் பெரிய வரிமீன் ஒன்று கிடந்தது. முழங்கை நீளம், சினை தள்ளிய வயிறு. வாங்குகிறவனுக்காக உயிரோடு வைத்திருந்தார்கள். சாவுக்குப் போட்ட நல்ல சட்டையோடு தம்பி பலகையில் மண்டியிட்டு, கூண்டின் கொக்கியைக் கழற்றினார்.

பின்னால் பலகை கிறீச்சிட்டது. மைக்செட்.

"அது சொல்லி வச்ச மீன்" என்றார்.

"தெரியும்."

அலையில் கூண்டின் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளப் பார்த்தது. தம்பி கையை நீட்டினார், எட்டவில்லை. மைக்செட் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெருமூச்சோடு பலகையில் உட்கார்ந்து, காலை நீருக்குள் விட்டுக் கதவைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மீன் உடனே போகவில்லை. கதவு திறந்திருப்பதை அறியாததுபோல் அதே இடத்தில் செவுளை விரித்துச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நீரில் ஆடியது. மைக்செட் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தபோது கூண்டுக்குள் தண்ணீர் மட்டும் இருந்தது. அவர் காலை எடுக்கவில்லை.