மச்சானுக்குப் பிடிக்காத கிளட்ச் பிளேட்

டெஸ்கர் ரோட்டில் இருக்கும் ரவூப் பாயின் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைக்குள் அற்புதராஜ் நுழைந்தபோது, பாய் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“இதுவும் வேணாமா?”

“வேணாம்னுட்டாரு, பாய்.”

“இதுல என்ன குறையாம்?”

“அலுமினிய பிளேட் சீக்கிரம் தேயுமாம். எண்ணெயெல்லாம் கறுப்பாயிடுமாம்.”

ரவூப் பொட்டலத்தை வாங்கிக் கண்ணாடி மேசை மேல் போட்டார். “மே மாசம் கார்க் பிளேட் கொடுத்தேன். மறுபடி வழுக்கும்னாரு. ஜூன்ல ரேஸ் பிளேட் கொடுத்தேன். ஸ்ப்ரிங் ரொம்ப ஸ்ட்ராங், லீவரப் பிடிச்சா கை போயிடும்னாரு. இப்ப இது. உங்க மச்சான் கிளட்ச் வாங்குறாரா, பொண்ணு பாக்குறாரா?”

வேறு நாளாக இருந்தால் அற்புதராஜ் சிரித்திருப்பார். இரவு வேலை முடித்து, ரயில் பணிமனையிலிருந்து நேரே வந்திருந்தார். கண் எரிந்தது. ஐம்பத்து நாலு வயதில், தன் காசைக் கொடுத்து வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்க, பள்ளிக்கூடப் பையன் மாதிரி மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறோமே என்று அவருக்கு அவமானமாகவும் இருந்தது.

ரவூப் உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஏழு பிளேட்டுகள், பழையதைவிட மெல்லிசாக இருந்தன. “உங்க வண்டில இப்ப ஆறு இருக்கு. அதே இடத்துல இது ஏழு உக்காரும். ஒரு பிளேட் கூடுதலாப் பிடிக்கிறதால ஸ்ப்ரிங் அவ்வளவு இறுக்கமா இருக்க வேணாம். இந்தாங்க, கூடவே லேசான ஸ்ப்ரிங். வழுக்காது, லீவரும் பட்டு மாதிரி இருக்கும். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல லா.”

அற்புதராஜ் கடையிலிருந்தே பிடோக்கில் இருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். பாய் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார்.

 “மெல்லிசுன்னா வளைஞ்சிடும் மாப்ள,” என்றார் ஆர்னால்ட் மறுமுனையில்.

“லீவர் கனமா இருக்கும்னு நீங்கதான சொன்னீங்க? இது லேசு மச்சான்.”

“லேசுதான். ஆனா தாங்குமா? நாலு பேர்கிட்ட விசாரிப்போம். என்ன அவசரம்?”

என்ன அவசரமா? அற்புதராஜுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. போனை வைத்தார்.

“பில் போடுங்க பாய். இது திரும்பி வராது.”

அந்த வண்டி அறுபத்தேழாம் வருடத்து இங்கிலாந்து வண்டி; ஐந்நூறு சிசி, இரட்டை சிலிண்டர். இருபது வருடத்துக்கு முன்பு இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. ஆர்னால்ட் அற்புதராஜின் மனைவி பெதானிக்கு அண்ணன். எட்டு வயது மூத்தவர். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பிடோக் வீட்டில் தனியாக இருந்தார். வண்டி அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் நின்றது. வாங்கிய நாளிலேயே இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஒரு விதி உண்டு: ஒருத்தர் சம்மதமில்லாமல் இன்னொருத்தர் ஒரு திருகாணிகூட மாற்றக்கூடாது. இருபது வருடமாக அதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை.

சனி பிடித்தது ஜனவரியில். தெலோக் பிளாங்கா மேட்டில் அற்புதராஜ் ஓட்டிக்கொண்டு போனார். ஆர்னால்ட் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாதி மேட்டில் எஞ்சின் வீறிட்டது, வண்டியோ நகரவில்லை. முறுக்க முறுக்கச் சத்தம்தான் வந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இருவரும் வேர்க்க விறுவிறுக்க வண்டியைப் பேருந்து நிறுத்தம் வரை தள்ளினார்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை வேலை.

அந்தச் சனிக்கிழமைதான் ஆறு மாதமாக வராமல் இருந்தது. இந்த மாதிரிப் பழைய வண்டியை வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் சாலையில் எடுக்கலாம். மற்ற வருடங்களில் ஜூலைக்குள் முக்கால்வாசி நாள் தீர்ந்துபோய், மிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பார்கள். இந்த வருடம் இரண்டே நாள் ஓடியிருந்தது. இந்த மாதக் கடைசி ஞாயிறு மாதா கோயிலில் வாகனங்களுக்கு ஆசி வழங்கும் மந்திரிப்பு. வருடா வருடம் அந்த வரிசையில் இவர்கள் வண்டிதான் முதலில் நிற்கும். பங்குச் சாமியார் போன வாரமே கேட்டுவிட்டார். அற்புதராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு “வரும் ஃபாதர்” என்று சொல்லி வைத்திருந்தார்.

குவீன்ஸ்டவுன் வீட்டில் பெதானி அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். “அப்பாடா. அண்ணன் சரின்னுட்டாரா?”

“கேக்கல.”

“கேக்காம போடப்போறீங்களா? அவர் கோவிச்சுக்குவாரே.”

“கோவிச்சுக்கட்டும். ஆறு மாசம் அவர் சொன்னதக் கேட்டாச்சு. கார்க்னா வேணாம், ரேஸ்னா வேணாம். கனம்னா வேணாம், லேசுன்னாலும் வேணாம். தங்கத்துல செஞ்சு கொடுத்தாலும் மங்கிடும்பாரு உங்க அண்ணன்.”

பெதானி உடன்பிறந்தவனையும் விட்டுக்கொடுக்க முடியாமல் கட்டினவனையும் மறுக்க முடியாமல், துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அற்புதராஜ் ஏழு பிளேட்டுகளையும் எண்ணெயில் ஊறப்போட்டார்.

மந்திரிப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பிடோக் போய்விட்டார். கார் நிறுத்துமிடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து, இடப்பக்க மூடியைக் கழற்றினார். பழைய பிளேட்டுகள் ஓட்டாஞ்சல்லி மாதிரி வழவழவென்று வெளியே வந்தன. புதியவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கச்சிதமாக உட்கார்ந்தன. ஸ்ப்ரிங்கை மாட்டி நட்டுகளை முடுக்கும்போது, கோபத்தையும் மீறி மனதுக்குள் ஒரு குஷி எட்டிப் பார்த்தது.

“கேக்காம கைய வச்சுட்ட.”

நிமிர்ந்து பார்த்தார். ஆர்னால்ட் நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பி வலது கையில் தொங்கியது; இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

“கேட்டேன் மச்சான். ஆறு மாசமாக் கேட்டேன்.”

“நம்ம பேச்சு என்ன? ரெண்டு பேரும் சரின்னாதான்...”

“நீங்க சரின்னு சொல்லவே போறதில்ல! சும்மாச் சும்மா நொட்டை சொல்லிக்கிட்டே இருந்தா வண்டி எப்ப ஓடும்?” குரல் தளம் முழுக்க எதிரொலித்தது. கார் ஏறப் போன ஒரு சீனப் பெண் திரும்பிப் பார்த்தாள். அற்புதராஜ் குரலைத் தணித்தார். “சரி, விடுங்க. போட்டாச்சு. தட்டு நேராத் தூக்குதான்னு பாக்கணும். லீவர அழுத்திப் பிடிச்சுக்கங்க, நான் கிக்கர மெதுவா மிதிக்கிறேன்.”

அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிளட்ச் லீவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் கிக்கரை மிதித்து, உள்ளே தட்டு ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இருபது வருடத்தில் எத்தனையோ முறை செய்தது. ஆர்னால்ட் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து, உடம்பை வளைத்து, வலது கையை நீட்டி லீவரைத் தொட்டார்.

“ஏன் அப்படி கோணிக்கிட்டு நிக்குறீங்க? சரியா உக்காந்து இடது கையால பிடிங்க.”

“இப்படியே போதும்.”

“போதாது. எனக்கு மறைக்குது மச்சான்.”

ஆர்னால்ட் இருக்கையில் ஏறி உட்கார்ந்து இடது கையை வெளியே எடுத்தார். நான்கு விரல்களையும் லீவர் மேல் வைத்தார். கட்டைவிரல் பக்கத்து இரண்டும் மடங்கின. மற்ற இரண்டும் மடங்காமல் அப்படியே கிடந்தன. லீவர் கால்வாசி வந்தது, நடுங்கியது, டக்கென்று பழைய இடத்துக்குப் போய்விட்டது. அவர் மறுபடி பிடித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். மறுபடியும் டக்கென்று போய்விட்டது.

பட்டு மாதிரி லீவர். பத்து வயதுக் குழந்தைகூட இழுக்கலாம்.

அற்புதராஜ் கிக்கரிலிருந்து காலை எடுத்தார். “எத்தன நாளா?”

“டிசம்பர்லேர்ந்து. முழங்கையில நரம்பு அமுங்கியிருக்காம். ஸ்பெஷலிஸ்ட்கிட்டப் போகச் சொன்னாங்க. ஆப்பரேஷன் செஞ்சாலும் முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாதாம்.”

“போனீங்களா?”

“ரெண்டு தடவ தேதி கொடுத்தாங்க. போகல.”

போன வருடக் கடைசியிலிருந்தே ஆர்னால்ட் ஒரு முறையும் முன்னால் உட்காரவில்லை என்பது அற்புதராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. ‘நீ ஓட்டு மாப்ள, நான் வேடிக்கை பாக்குறேன்’ என்பார். பெருந்தன்மை என்று நினைத்திருந்தார்.

இரக்கம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வந்தது ஆத்திரம்தான்.

“அப்புறம் எதுக்கு மச்சான் அந்தப் பிளேட்டுகள எல்லாம் திட்டுனீங்க? நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூக்கத்த விட்டு அலைஞ்சேன். ரவூப் பாய் என்னப் பாத்தாலே சிரிக்கிறாரு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? கை சரியில்ல மாப்ள, அவ்வளவுதான?”

ஆர்னால்ட் வண்டியின் இருக்கையில் உட்கார்ந்தபடியே தரையைப் பார்த்தார். “வண்டி சரியாயிடுச்சுன்னா நீ ‘ஓட்டுங்க’ம்ப. ஓட்ட முடியலன்னு நான் சொல்லணும். வண்டி கெட்டுக் கெடந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. முப்பது வருஷம் இந்தக் கையால கப்பல்லேர்ந்து பெட்டி இறக்கியிருக்கேன் மாப்ள. இப்ப சட்ட பட்டன் போட கால் மணி நேரம் ஆவுது.”

அற்புதராஜ் ஸ்பேனரை எடுத்தார், வைத்தார். எண்ணெய்த் துணியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. கடைசியில் துணியைக் கிழித்து, லீவரை இழுத்துக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

“எறங்குங்க. எறங்கி உள்ள பாருங்க. நான் மிதிக்கிறேன்.”

ஆர்னால்ட் இறங்கி அட்டையில் மண்டியிட்டார். அற்புதராஜ் மெதுவாக மிதித்தார்.

“ஆடுது.”

“எந்தப் பக்கம்?”

“மேல் நட்டு. அரைச் சுத்து முடுக்கு. ம்... இன்னும் கொஞ்சம். போதும், போதும்! எதுக்கு முரட்டுத்தனமாத் திருகுற?”

“நான் ஒண்ணும் முரட்டுத்தனமாத் திருகல.”

தட்டு நேராகச் சுற்ற அரை மணி நேரம் ஆனது. மூடியைப் போட்டு, எண்ணெய் ஊற்றி, அற்புதராஜ் வண்டியைக் கிளப்பினார். கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் நாலு மாடியும் ஏறினார். கிளட்ச் கெட்டியாகப் பிடித்தது. முறுக்கிய அளவுக்கு வண்டி ஏறியது. ஆறு மாதமாக இதற்குத்தான் தவம் கிடந்தார். ஆனால் மேல்தளத்துக்குப் போய் வெயிலில் நின்றபோது சந்தோஷப்பட முடியவில்லை. மனதுக்குள் மச்சானோடு சண்டை ஓடிக்கொண்டே இருந்தது.

கீழே வந்ததும் ஆர்னால்ட், “ஏறிச்சா?” என்றார்.

“ஏறிச்சு.” வண்டியை நிறுத்தினார். “பெதானிகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நாளைக்கே சொல்லணும்.”

“அவ அழுவா.”

“அழட்டும். என்ன ஆறு மாசம் அலைய விட்டீங்கல்ல?”

மறுநாள் காலை அற்புதராஜ் முன்னாலும் ஆர்னால்ட் பின்னாலுமாக வண்டி பிடோக்கிலிருந்து கோயிலுக்குப் போனது.  வரிசையில் முதலிடம் போய்விட்டிருந்தது. ஒரு டாக்சிக்கும் ரொட்டிக்கடை வேனுக்கும் நடுவில் நின்றார்கள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். ‘பிளேட் மாத்தியாச்சா?’ என்று கேட்டுச் சிரித்தார். ‘மாத்தியாச்சு ஃபாதர்’ என்றார் அற்புதராஜ், சிரிக்காமல்.

பெதானி வாசல் பக்கமிருந்து வந்தாள். ஆர்னால்ட் வண்டியிலிருந்து இறங்கி அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனார். அற்புதராஜ் இரண்டு ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு பார்த்தார். அண்ணன் ஏதோ சொல்வதும், தங்கை அவர் இடது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பதும் தெரிந்தது. அவள் அழவில்லை.

“எட்டு மாசம்! நா செத்தா போயிட்டேன்? தங்கச்சின்னு ஒருத்தி இருக்கறது ஞாபகமே இல்லையா உங்களுக்கு? டாக்டர் தேதிய விட்டீங்களாம், ரெண்டு தடவ! போன எடுங்க. நம்பர் இருக்கா இல்லையா? இங்கேயே இப்பவே கூப்பிடுங்க...”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழம பெதானி.”

“அப்ப நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல நிப்பேன்!”

பின்னாலிருந்த வேன்காரர் ஹாரன் அடித்தார். வரிசை நகர்ந்துவிட்டிருந்தது. பெதானி திரும்பி அவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, அண்ணனைத் திட்டுவதைத் தொடர்ந்தாள். அற்புதராஜ் ஹெல்மெட்டுகளைக் கைப்பிடியில் மாட்டி, வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் மர நிழலில் நிறுத்தினார். அவள் நிறுத்தட்டும் என்று அவர் அவசரப்படவில்லை. தான் நேற்றிலிருந்து சொல்ல நினைத்ததையெல்லாம் அவள் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.