ஊசிக் கம்பெனி பார்க்காமல் போன நிலம்

1

“மறியல் இல்ல சார். வரவேற்பு.”

“வரவேற்பா? ரோட்ட மறிச்சிக்கினு முப்பது நாப்பது பொம்பளைங்க கையத் தூக்கிக் கத்தறாங்க. இதுவாம்மா வரவேற்பு?”

“‘வருக வருக’ன்னுதான் சார் கத்தறாங்க.”

“அவருக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“அப்புறம்? திருப்புன்னாரு. திருப்பிட்டோம்.”

இதில் முதல் வரி மட்டும்தான் நிஜம். டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் செல்போனில் சொன்னது. சொல்லிவிட்டு நெடுநேரம் மறுமுனையைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அஜந்தா சிக்னலில் இறங்கிப் போய்விட்டாள். மறியலையும் வரவேற்பையும் யாரால் குழப்பிக்கொள்ள முடியும் என்று யோசித்ததில் நான் என் நிறுத்தத்தைத் தவறவிட்டேன். இனி வருவதெல்லாம் இட்டுக்கட்டியது. பல இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

அவளுக்கு ஹேமலதா என்று பெயர் வைத்தேன். புதுச்சேரியில் தொழில் வளர்ச்சிக்கென்று இருக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கொடுத்தேன். (அலுவலகமும் என் கற்பனைதான். தேடிக்கொண்டு போகாதீர்கள்.) வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கூட்டிவந்து, இங்கே ஆலை வையுங்கள், எங்கள் ஆட்களுக்கு வேலை கொடுங்கள் என்று கேட்பது அந்த அலுவலகத்தின் பிழைப்பு.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுகிற மாதிரிதான் அதுவும். எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசியில் காட்டுவது என்று ஒரு முறை இருக்கிறது. முதலில் கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர்கள், நல்ல காபி. பிறகு துணை மின்நிலையம். பிறகு தண்ணீர்த் தொட்டி. வரிச் சலுகையைப் பற்றி வண்டியிலேயே பேசிவிட வேண்டும். நிலம் கடைசி. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்து விருந்தாளிக்கு எரிச்சல் வந்துவிடக் கூடாது என்பதால், ரயில் வரும் நேரமெல்லாம் ஹேமலதாவுக்கு அத்துப்படி.

[முதல் வரைவில் விருந்தாளி வந்து இறங்கியபோது பனி பெய்தது. நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் அந்நியர் வந்தால் பனி பெய்யும். அந்த ஆளுக்குப் பியானோ கம்பெனியும் கொடுத்திருந்தேன். என் தங்கை படித்துவிட்டு, “பாண்டிச்சேரியில யாருண்ணா பியானோ செய்வாங்க?” என்று கேட்டாள். அதனால் பனியை நிறுத்தினேன். இப்போது அவர் ஊசி போடுகிற ஊசி செய்கிறார்.]

வருவதற்கு முன் அவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நிலம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, சரி. வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்களா?

ஆட்களைக் காட்டுவதற்கு மட்டும் அலுவலகத்தில் முறை எதுவும் இல்லை. ஃபைலில் ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான். ஆட்களையே காட்டிவிட்டால் என்ன என்று ஹேமலதாவுக்குத் தோன்றியது. அவள் நல்லவள். அதை நான் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால்

(இந்த வாக்கியம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

3

நிலத்தை ஒட்டிய ஊரில் மகளிர் குழுத் தலைவி அஞ்சலாட்சி. அவள் மகள் கலைவாணி டிப்ளமோ முடித்துவிட்டு நேரு வீதி ஜவுளிக்கடை ஒன்றில் நாளெல்லாம் நின்றுகொண்டிருக்கிறாள். ஹேமலதா அஞ்சலாட்சியிடம் போய்ச் சொன்னாள்:

“அக்கா, படிச்ச பொண்ணுங்க நாலஞ்சு பேர் வந்தா போதும்.”

“நாலஞ்சு பேரா? இன்னா மேடம் நீ! அந்த நாலஞ்சு பேரு யாருன்னு நான் கைய காட்டுனா, நாளைக்கு இந்தத் தெருவுல நான் நடக்க முடியுமா? கோலப்போட்டின்னாலும் எல்லாருக்கும் சொல்லணும், லோன்னாலும் எல்லாருக்கும் சொல்லணும். எங்க குழுவுல அதான்.”

“கூட்டம் வேணாம்க்கா.”

“கூட்டம் எங்க? நாங்கதான.”

அவர்கள்தான் வந்தார்கள், எல்லாரும். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் தாய்மார்கள், கையில் சர்டிஃபிகேட் ஃபைலோடு மகள்கள். கலைவாணி கடைக்கு லீவு சொல்லாமலே வந்துவிட்டாள். இரண்டு மூங்கிலில் கட்டிய துணி பேனர்.

இந்த இடத்தில் ஒரு அடிக்குறிப்பு வேண்டும். பக்கத்தின் அடியில் இடமில்லை, இங்கேயே படித்துவிடுங்கள். அந்தக் குழு சாலையில் ஒன்றாக நின்றது இது முதல் முறையல்ல. குடிநீருக்காக நின்றிருக்கிறார்கள். பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார்கள். ஒருத்தி குரல் கொடுப்பாள், மற்றவர்கள் வலது கையை உயர்த்திப் பதில் கொடுப்பார்கள். எந்த வண்டியும் ஓரமாக நழுவிவிடாதபடி சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நிற்பார்கள். சேர்ந்து நிற்பதற்கு அவர்களுக்குத் தெரிந்த விதம் அது ஒன்றுதான். வரவேற்கவும் அப்படியே நின்றார்கள்.

“நிக்காம போயிடக் கூடாதுல்ல மேடம்” என்றாள் அஞ்சலாட்சி பிறகு.

ஹேமலதா நிலத்தின் நடுவில், ஷாமியானாவுக்குக் கீழே, சீவிய இளநீர்களோடு காத்திருந்தாள். தூரத்தில் வெள்ளைக் கார் வந்தது தெரிந்தது. நின்றது. வந்த வழியே திரும்பிப் போனது. பிறகு வெறும் புழுதி.

அவர் பயந்துதான் திரும்பினாரா? எனக்குத் தெரியாது. ஒரு வரைவில் அவருக்கு வெறும் வயிற்று வலி. இன்னொன்றில் அவருடைய ஊரிலும் ஆலை வாசலில் இப்படிக் கை உயர்த்தி நின்ற பெண்களை அவர் பார்த்திருக்கிறார். காருக்குள் போய் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கப் பலமுறை முயன்றேன். கண்ணாடி ஏற்றியிருக்கிறது.

4

முதலில் கேட்ட போன் பேச்சின் மிச்சம் இது. காரில் விருந்தாளியோடு இருந்தவர் சக்கரபாணி, ஹேமலதாவின் மேலதிகாரி.

“பீச்சாண்ட ஓட்டல்ல சாப்பிட உக்கார வச்சிருக்கேன். ஏதோ கோயில் விசேஷம், முடிஞ்சிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். சாப்பிட்டதும் மெட்ராசுக்குக் கிளம்பணும்ங்கறாரு, ஏர்போர்ட்டுக்கு. நடுவுல ஒரு தடவ திரும்பக் கூட்டியாறேன். ஆனா அங்க ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது.”

“சார், ஆள் இருக்காங்களான்னுதான அவரு கேட்டாரு?”

“கேட்டாரும்மா. இப்ப கேக்கல.”

5

ஹேமலதா அவர்களை நோக்கி நடக்கிறாள். அந்த நடையை நான் மெதுவாக்கிக்கொண்டே போகிறேன், ஏனென்றால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்கும் தெரியவில்லை. வேலை வரவேண்டும் என்றால் வேலைக்கு வந்தவர்கள் கண்ணில் படக் கூடாது. இதை ஒருவர் இன்னொருவரிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

ஹேமலதாவுக்கு அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாளும் தான்

(இல்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.)

“எல்லாரும் வீட்டுக்குப் போயிடணும்க்கா” என்றாள்.

“பேரு எழுதிக்கலியே மேடம்?”

“இப்ப எழுத மாட்டாங்க.”

“நாங்க போனப்புறம் பக்கத்து ஊரு ஆளுங்க வந்து நின்னா?”

“யாருமே நிக்கக் கூடாது. நின்னா அவரு வர மாட்டாரு.”

“எங்களப் பாக்கத்தான அவரு வராரு?” என்றாள் கலைவாணி. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒருத்தி, “பட்டுப்பொடவைக்கி இஸ்திரி போட்டது போச்சு” என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

[ஒரு முடிவு: அவர்கள் போக மறுத்து அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இப்போது அது உண்மையான மறியல். அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன், ஹேமலதா பாவம். இன்னொன்று: போய்விடுகிறார்கள், அவர் வருகிறார், வெறிச்சோடிய நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இடம் அழகு, ஆனால் இங்கே மனிதர்களே இல்லையே என்கிறார். வேறொன்றில் ஆலை வந்துவிடுகிறது, காலையில் வேறு ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள்

போதும். எதை வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பட்டதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிவது கீழே உள்ளது மட்டும்தான்.]

அஞ்சலாட்சி பேனரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பெண்கள் சாலையை விட்டு இறங்கத் தொடங்கினார்கள். நாலடி போன அஞ்சலாட்சி திரும்பி வந்து, ஹேமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வூட்டுக்குள்ள போயி கதவச் சாத்திக்கினு உக்காந்துக்கறோம் மேடம். ஒரு சத்தம் வராது. அவரு வந்தாருன்னா ஒண்ணே ஒண்ணு செய்யி. நாங்க இருக்கோம்னு அவராண்ட சொல்லிடு.”