கையெழுத்து வாங்கியவர்

திகாம் பத்து ஊர்க் கோயிலின் ஆண்டுக் கூட்டத்தில், தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த பழைய கிராணி அருணாசலத்தைக் கோயில் தலைவராக முன்மொழிந்தார்கள். கற்பகவல்லி எழுந்து நின்றாள். புத்ராஜெயா என்ற புது அரசு நகரம் கட்டுவதற்காக அவள் பிறந்த தோட்டக் குடியிருப்பை எடுத்துக்கொண்டபோது, ஆளுக்கொரு தரைவீடு என்று பொய் சொல்லி அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். அவர்களுக்குக் கிடைத்தது அடுக்குமாடியில் நான்காம் மாடி வீடு.

“ஐயா, எங்கப்பா அந்த மாடிப்படியில விழுந்துதான் செத்தாரு. நீங்க சொன்னது பொய் இல்லன்னு சாமி முன்னால சொல்லுங்க.”

“அது முடிஞ்சுபோன கதைலா, தங்கச்சி.”

“எனக்கு இன்னும் முடியல.”

வாக்கெடுப்பில் அவருக்கு ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை. தலைகுனிந்தபடி அருணாசலம் வாசலைத் தாண்டும்வரை அவள் உட்காரவில்லை. முப்பது வருஷக் கோபம் அப்போதும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் கூட்டம் முடிந்து கொடுத்த சர்க்கரைப் பொங்கலைக் கேட்டு வாங்கி, நிதானமாக ருசித்துச் சாப்பிட்டாள்.