எண்பதைத் தாண்டக் கூடாது

சாரம் பகுதியில் மாடிப் போர்ஷனில் குடியிருப்பது என்றால் மே மாதத்தில் தலைக்கு மேலே அடுப்பு எரிகிற மாதிரிதான். சிவசங்கரிக்கு அது மூன்றாவது கோடை. பகலெல்லாம் வெயில் காய்ந்த தளம் பொழுது சாய்ந்ததும் சூட்டை வீட்டுக்குள் இறக்கும். மேலே சுற்றுகிற ஃபேன் அந்த அனலைத்தான் அள்ளிப் போடும். அதனால் கோடை வந்துவிட்டால் ஹால் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டேபிள் ஃபேனைக் கீழே இறக்கி வைத்து, அதன் எதிரே பாய் விரித்துப் படுப்பாள். 2006ஆம் வருடக் கோடையில் அந்த ஃபேன் அவளுக்குக் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

அவள் கணவன் இளஞ்செழியன் பக்கத்திலிருந்த மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் இருந்தான். அது போக, வீட்டில் தனியாக ஒரு வேலை எடுத்திருந்தான். லாஸ்பேட்டையில் அடுக்குமாடி கட்டப்போகிற ஒருவருக்கு, இன்னும் கடைக்காலே தோண்டாத கட்டடத்துக்குள் வாசலில் நுழைந்து அறை அறையாக நடந்து பார்ப்பது போல ஒரு படம் செய்து தர வேண்டும். வரைகிற வேலை அவனுடையது. வரைந்ததைப் படமாக்குவது கம்ப்யூட்டரின் வேலை. அதற்கு நாள் கணக்கில் நிறுத்தாமல் ஓட வேண்டும். ஓட ஓட உள்ளே புரொசசர் கொதிக்கும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். இரண்டு தடவை அப்படி ஆனதும் இளஞ்செழியன் சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினான். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து திறந்த பக்கத்துக்கு நேராக வைத்தான்.

சிவசங்கரி ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவள். விடுமுறையில் வீட்டில் இருந்ததால் காவல் வேலை அவள் தலையில் விழுந்தது. திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் சூட்டின் அளவு தெரியும்.

"எண்பதைத் தாண்டக் கூடாது சங்கரி. தாண்டுச்சின்னா உடனே எனக்கு போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான்.

முதலில் அவளுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, மறுபடி எழுபத்து மூன்று. போகப் போக, காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. குளிக்கப் போனாலும் காது ஹாலில் இருக்கும். தெருவில் பாதாள சாக்கடைக்கு நோண்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். வெப்பம் எங்கேயும் காணாமல் போய்விடாது, இடம்தான் மாறும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறவள் அவள். கம்ப்யூட்டரிலிருந்து கிளம்புகிற சூடு ஹாலைத் தாண்டி வேறெங்கும் போகவில்லை என்பதையும், ஹாலில் இருப்பது தான் ஒருத்திதான் என்பதையும் யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் கணவனிடம் வாய் திறக்கவில்லை. இதைக்கூட நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியணுமா என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் காற்றே இல்லை. முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்து எரிந்தது. கொஞ்ச நேரம்தானே என்று ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பாயில் சாய்ந்தாள். அப்படியே கண்ணசந்துவிட்டாள். விழித்தபோது திரை இருண்டு கிடந்தது.

சாயங்காலம் வந்த இளஞ்செழியன் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தான். பாதியில் நின்ற படம் திறக்கவே இல்லை. மூன்று நாளாக ஓடியதெல்லாம் வீண். அவன் கத்தவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ஒரு ஃபேனைத்தான பாத்துக்கச் சொன்னேன்" என்றான். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓடவிட்டுவிட்டு, ஃபேனைப் பழைய இடத்தில் வைத்தான்.

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். படுக்கும்வரை அந்த ஒரு வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவன் வேலைக்குப் போனதும் அவள் அடுத்த தெருவுக்கு நடந்தாள். அங்கே நிதா என்கிற பெண் அண்ணனோடு சேர்ந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தலாமா என்று நிதா தயங்கியபோது, அரை நாள் ஓட்டம்தான், போனால் போகட்டும், நிறுத்து என்றாள் சிவசங்கரி.

நிதா புரொசசர் மேலிருந்த சின்ன ஃபேனையும் அதன் அடியில் இருந்த அலுமினியத் தகடுகளையும் கழற்றிக் காட்டினாள். தகடுகளின் இடுக்கெல்லாம் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்து அடைத்திருந்தது. புரொசசருக்கும் தகடுகளுக்கும் நடுவில் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொருக்காகிவிட்டிருந்தது.

"மூடி வச்சிருந்தா முன்னால காத்த இழுத்து பின்னால தள்ளிடும்க்கா. நீங்க தொறந்து போட்டு ஃபேன் வச்சீங்க. தெருப்புழுதி எல்லாத்தையும் அதுதான் உள்ள கொண்டாந்து அடைச்சிருக்கு" என்றாள் நிதா.

சிவசங்கரி அந்தத் தூசித் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இத்தனை நாளாக அவள் விட்டுக்கொடுத்த காற்று செய்த வேலை இது.

நிதா பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, புது பேஸ்ட் தடவி, எல்லாவற்றையும் பூட்டினாள். பக்கவாட்டுத் தகட்டையும் போட்டு மூடினாள். சிபியுவை மூலையிலிருந்து இழுத்து, பின்பக்கம் சுவரில் இடிக்காமல் தள்ளி வைத்தாள். இருவருமாகப் படத்தை மறுபடி ஓடவிட்டார்கள். நிதா காபி குடித்து முடிக்கும்வரை எண் ஐம்பத்தெட்டிலேயே நின்றது.

இளஞ்செழியன் வீட்டுக்குள் நுழைந்ததும் மூடிய தகட்டைப் பார்த்துப் பதறினான். அவள் திரையைக் காட்டினாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் குனிந்து, எண்ணை வெகுநேரம் பார்த்தான். முகம் தெளிந்தது. கெட்டிக்காரி என்றுகூடச் சொன்னான். சொல்லிக்கொண்டே டேபிள் ஃபேனைத் தூக்கி, எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் பக்கமே திருப்பினான்.

"அதுக்கு வேணாங்க. எனக்கு வேணும்" என்றாள் சிவசங்கரி.

குரல் உயரவில்லை. ஆனால் அவன் கை அப்படியே நின்றது. அவள் கழுத்தையும் தோளையும் அப்போதுதான் பார்த்தவன் போலப் பார்த்தான். வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்களே பாப்பீங்கன்னு இருந்தேன்."

அவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். தான் ஃபேனைக் கேட்டது நியாயம்தான், ஆனால் முன்பே சொல்லாமல் இருந்தது தன் தவறுதான் என்று அவள் மனம் இரண்டு பக்கமும் ஆடியது. பிறகு, இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டாள். எடுத்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்டதே இல்லை.

தொழிற்சாலையில் டிராயிங் பிரிவைச் சென்னைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு என்றான் இளஞ்செழியன். பாதிப் பேருக்குத்தான் அங்கே இடமாம். மாசி மாதத்திலிருந்தே அவனுக்குத் தெரியும். வெளி வேலை கையில் நாலைந்து சேர்ந்த பிறகு சொல்லலாம், அதுவரை அவளுக்கு எதற்குக் கவலை என்று மறைத்து வைத்திருந்தான்.

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, மூன்று மாதமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு தினமும் வண்டியேறிப் போய் வந்தவனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. "சென்னைக்குப் போயே ஆகணும்னு என்ன இருக்கு?" என்றாள்.

தெரியவில்லை என்றான் அவன். அதைப் பற்றித்தான் அன்று சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். ஒரு முடிவுக்கும் வரவில்லை.

படம் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தள்ளித்தான் போய்ச் சேர்ந்தது. கட்டடக்காரர் முணுமுணுத்தாலும் வாங்கிக்கொண்டார். தீபாவளிக்கு முன்பே டிராயிங் பிரிவு சென்னைக்குப் போய்விட்டது. இளஞ்செழியன் போகவில்லை. வெளி வேலை சில மாதம் வந்தது, சில மாதம் வரவில்லை. வருகிறபோதெல்லாம், ஒத்துக்கொள்ளட்டுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டான். சில சமயம் வேண்டாம் என்று அவளும் சொன்னாள்.